துப்பட்டாவை விலக்கிக் காட்டு

அன்பு மகள் நாஸியாவுக்கு அம்மி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் உன் அப்பாவும் நலம். உன் கால் வீக்கம் வடிந்ததா, பிள்ளை நன்றாகப் புரள்கிறதா? வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் மாமியார் உரக்கப் படித்துவிடுகிறார், அதனால்தான் சூரத்துக்குக் கூரியர். உள்ளே உன் காது ஆபரேஷன் கார்டு இருக்கிறது, பத்திரம்.

போன வாரம் செவிலிமேட்டிலிருந்து செல்லியம்மாள் வந்திருந்தாள். நகராட்சியில் குப்பை அள்ளுகிறாளே, உனக்கு வைத்த அதே வருஷம் அவள் மகள் திரிஷாவுக்கும் காது கேட்க ஆபரேஷன் செய்து மிஷின் வைத்தார்களே, அவள்தான். திரிஷாவுக்கு இப்போது குடல்வால் ஆபரேஷன் நடந்திருக்கிறது. நர்ஸ் காது மிஷினையும் கம்மலோடு கழற்றிக் கவரில் போட்டு, "நகையெல்லாம் பத்திரமா வெச்சிக்கோமா" என்றாராம். "நகை இல்லமா இது, தோலுக்குள்ள இன்னொண்ணு இருக்குது, டாக்டர கூப்பிடு" என்று இவள் கெஞ்ச, வாட்ச்மேன், "ஓரமா போ, டாக்டருக்கே பாடம் நடத்தினுகிறியா?" என்றானாம். இவள் தியேட்டர் வாசலிலேயே உட்கார்ந்து, "இந்தக் கார்டப் படிக்காம எம்பொண்ணு மேல கத்தி வெக்கக் கூடாது" என்று கத்தியிருக்கிறாள். டாக்டர் வந்து படித்த பிறகு, ரத்தத்தை நிறுத்தச் சுடுகிற கரண்ட் கருவியையே மாற்றினாராம். அதில் ஒரு வகை தலை, கழுத்துப் பக்கம் வரவே கூடாது, உள்ளே இருப்பது கெட்டு, சுற்றியுள்ள சதையும் வெந்துபோகுமாம். பட்டுப்புடவை கட்டினவள் கேட்டிருந்தால் முதல் தடவையே வந்திருப்பார்.

ஆனால் நான் யாரைத் திட்டுவது? முன்பு ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்று உன் டாக்டர் கேட்டதற்கு உன் மாமியார் இல்லை என்றாராம், நீயும் வாயைத் திறக்கவில்லையாம். உனக்கு அதைப் பழக்கியது நான்தானே. "நமக்குள்ள இருக்கட்டும், ஊருக்குத் தெரிய வேணாம்" என்று கல்யாணப் பேச்சில் உன் மாமியார் வீட்டார் சொன்னபோது தலையாட்டினேன். அகலத் துப்பட்டா வாங்கி, இடது காதை மூடிப் பின் குத்தக் கற்றுக்கொடுத்தேன். கார்டைக்கூட உன் பெட்டியில் வைக்காமல் பீரோவில் பூட்டினேன். குப்பை அள்ளுகிறவள் ஊரைக் கூட்டிச் சொன்னாள், நான் மறைத்தேன். என்னை மன்னித்துவிடு பேட்டி, என் மகளே.

பிள்ளை குறுக்கே கிடப்பதால் இருபதாம் தேதி சிசேரியன் என்றாயே, அதற்கு முன்பே நீயே டாக்டரிடம் போ. உன் புருஷன் தன்வீர் பக்கத்தில் இருக்கட்டும், பேசுவது நீயாக இரு. எந்தக் கருவி சரி என்று கார்டிலுள்ள நம்பரில் கேட்டு டாக்டர்களே முடிவு செய்யட்டும். கேட்காமல் எம்.ஆர்.ஐ. அறைக்கு மட்டும் போய்விடாதே, அது பெரிய காந்தம். ஆபரேஷனுக்கு முன் வெளி மிஷினைக் கழற்றிவிடுவார்கள், உனக்கு எதுவும் கேட்காது. முதுகில் ஊசி போட்டால் நீ விழித்தே இருப்பாய், மாஸ்க் போட்டவர்களின் உதடு தெரியாது. கையைத் தூக்கினால் வலி, விரலை ஆட்டினால் சரி என்று முன்கூட்டியே பேசி வை.

தன்வீருக்கு என் துவா. உன் மாமியாருக்கு என் சலாம், கோபித்தால் அம்மி சொன்னாள் என்று சொல், பதினெட்டாம் தேதி நானே வந்து வாங்கிக்கட்டிக்கொள்கிறேன். அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் இரண்டு உயிராக என் கையில் தரட்டும். மிஷின் பைக்குள் கிடக்க வேண்டாம், பேட்டரி மாற்றித் தன்வீர் சட்டைப்பையில் இருக்கட்டும். தையல் முடிந்து டாக்டர் சரி என்றதும், மாமியார் பக்கத்தில் நின்றாலும், எல்லாரும் பார்க்கவே மாட்டிக்கொள். பிள்ளை அழுவதை நீ கேட்க வேண்டும்.

உனக்காகத் தொழுதுகொண்டிருக்கும் அம்மி,
நசீம் பானு
காஞ்சிபுரம்