இளஞ்சூட்டுத் தண்ணீர்

நயினாதீவு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் றிஸ்மினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகம், நீயும் காலி மருத்துவ பீடத்தில் வேளைக்குச் சாப்பிட்டு உறங்குகிறாய் என்றே நம்ப விரும்புகிறேன். சோளகக் காற்று பலமாக வீசுவதால் இரண்டு நாளாகக் குறிகட்டுவானுக்குப் படகு ஓடவில்லை, இந்தக் கடிதமும் பிந்தித்தான் வரும். வியாழக்கிழமை நீ தொலைபேசியில் அழுததற்குத்தான் இந்தக் கடிதம், பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம் என்று உனக்குத் தெரியும். அறுத்துப் படிக்கத் தந்த அந்த மனுசி இப்ப அந்த மையத்து உடம்புக்குள்ள இல்லைத்தானே உம்மா, பிறகேன் எனக்குக் கை நடுங்குது, எனக்கு ஏலாது, படிப்பை விட்டுட்டு யாழ்ப்பாண பஸ் ஏறப்போறன் என்றாய்.

நம் மெய்யியலாளர்கள் இதைப் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள் மகள். படகுக்குள் படகோட்டி இருப்பதுபோல உடம்புக்குள் றூஹ் என்ற ஆன்மா இருக்கிறது, கரை வந்ததும் இறங்கிப் போய்விடும் என்றார்கள் சிலர். பலகை உடைந்தால் படகோட்டி கவலைப்படுவான், ஆனால் அவனுக்கு வலிக்குமா என்று மற்றவர்கள் திருப்பிக் கேட்டார்கள். உடம்பில்லாமலும் றூஹ் தன்னை அறியும், என்றாலும் தனக்கென்று தரப்பட்ட அந்த ஓர் உடம்பின்மேல் அதற்கு நேசம் உண்டு என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிப் பேச்சு, அதற்குக் காரணம் உன் பெரியும்மா, என் கூடப்பிறந்த ராத்தா.

ராத்தா புத்தளத்தில் கண்மூடி மௌத்தானபோது உன்னை அந்த அறைக்குள் விடவில்லை. குளிப்பாட்டியது நானும் அவவின் மச்சாள் ஜெஸீமாவும். வலப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும், அது நினைவிருந்தது, தண்ணீரைத் தொட்டுப் பார்க்கத்தான் மறந்துபோனேன். அடுப்பிலிருந்து வந்த சூட்டோடு வாளியைச் சரித்தேன். ஜெஸீமா என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னடி லதீபா, கோழியோ அவிக்கிறாய் என்று ஏசினா. மௌத்தானவவுக்குச் சுடுமோ என்று கேட்டுவிட்டேன். அவவுக்குச் சுடாட்டி உனக்காவது சுடோணும், இல்லாட்டி வெளியில போய் நில் என்றா. பிறகு பச்சைத் தண்ணீர் கலந்து, சின்னதில் உனக்குப் பார்ப்பதுபோல மணிக்கட்டில் விட்டுப் பார்த்து ஊற்றினேன். வலது முழங்காலில் அந்தத் தழும்பு இருந்தது. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்ட, ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று, நாலு வயதான என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்த இறங்குதுறையில் விழுந்த காயம். எனக்கு ஒரு கீறலும் இல்லை. வாழ்நாளெல்லாம் அந்தக் காலைச் சாய்த்து நடந்து, நீ பாரமடி என்று சிரிப்பா. அந்தத் தழும்பு உடம்புக்குச் சொந்தமோ, றூஹுக்குச் சொந்தமோ, எனக்கு இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் துறையில் கால் வைத்தால் அந்த முழங்கால்தான் நினைவில் வருகிறது.

ஆகவே உன் கை நடுங்குவது குறையல்ல. நடுங்காத கையைத்தான் ஜெஸீமா வெளியில் அனுப்பியிருப்பா. வருவதானால் வா, கதவு திறந்தே இருக்கும், வாப்பாவும் ஒன்றும் கேட்கமாட்டார். ஆனால் வர முன்னம் இன்னும் ஒருதரம் அந்த மனுசியிடம் போ. அவ யாருக்கோ ராத்தாவாக இருந்திருப்பா.

அல்லாஹ் உன் கைகளில் பரக்கத்தையும் அருளையும் நெஞ்சில் தைரியத்தையும் தருவானாக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அந்த அறுத்துப் படிக்கிற அறை குளிர் என்றாய், கையுறை போட முன்னம் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடு.

வஸ்ஸலாம்,
உன் உம்மா
லதீபா