நான்கு குரல்களில் ஒரு தேதி

18.01.2026, ஞாயிறு.

எங்கள் தீவின் ஜங்லிகாட் பகுதியில் நடந்த ஒத்திகையில் இன்று சேர்ந்திசைக் குழுவினர் என் கவிதையை நான்கு குரல்களில் பாடிக் காட்டினர். 26ஆம் தேதி குடியரசு தின விழாவில் மேடையேற வேண்டும். மெட்டமைத்த வங்காள ஆசிரியைக்குத் தமிழ் தெரியாது. குழுவில் பாடும், டெய்ரி ஃபார்ம் பகுதியைச் சேர்ந்த மல்லிகாதான் அவருக்குக் கவிதையை இந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

கவிதை முடிந்த பின்னும் பாட்டு முடியவில்லை. "மார்ச்சு பதினேழு, புதன்கிழமை" என்று பெண்கள் தொடங்க, ஆண்கள் தொடர்ந்தனர். கவிதைக்குக் கீழே நான் குறித்திருந்த தேதி அது.

"நிறுத்துங்கம்மா! அது பாட்டு இல்லை, தேதி!" என்றேன்.

"பேப்பர்ல இருந்ததெல்லாம் எழுதிட்டேன் அங்கிள். நல்லவேளை, உங்க போன் நம்பர் இல்ல!" என்று மல்லிகா சிரித்தாள்.

"வஹி லைன் சப்ஸே அச்சா ஹை, தாதா," என்றார் ஆசிரியை, வங்காள வழக்கப்படி என்னை அண்ணன் என்றழைத்து. அதுவே மிகச் சிறந்த வரியாம்.

என் மனைவி விசாலம் சிகிச்சைக்காகச் சென்னைக் கப்பலில் ஏறிய நாள் அது. அவள் திரும்பவில்லை. இதை அவர்களிடம் சொல்லவில்லை. தேதி இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். என் முடிவு சரியானதே.

ஆனால் புதன்கிழமையை அவசரமாகப் பாடிவிடுகிறார்கள். நாளை அதை நீட்டிப் பாடச் சொல்ல வேண்டும். அன்று கப்பல் கண்ணிலிருந்து மறைய வெகுநேரமாயிற்று.