காதர் அண்ணன் கேட்ட கேள்வி

1934 ஆகஸ்ட் 11, சனி

விலா இன்னும் வலிக்கிறது. தூக்கம் வரவில்லை.

இன்று பக்கத்து ஊரான கெலுகோர் அணியிடம் கூடைப்பந்தில் தோற்றோம். ஒரே ஒரு கூடைதான் வித்தியாசம். முதல் பாதி முழுவதும் அவர்கள் முழங்கையால் இடித்தார்கள். எங்கள் கேப்டன் காதர் அண்ணனுக்கு உதடு கிழிந்தது. ரெஃபரி சாமுவேல் மாஸ்டர் விசிலே ஊதவில்லை. இரண்டாம் பாதியில் அண்ணனின் தோள் பட்டாலே ஊதினார். நான்காவது தப்புக்கு வெளியே அனுப்பிவிட்டார்.

"வாங்கண்ணே, எல்லாரும் போயிடலாம்," என்றேன்.

"நீயும் போயிட்டா யாருலா ஆடுறது? உள்ளே போ!" என்று என்னைத் தள்ளிவிட்டார். கடைசிவரை கோட்டுக்கு வெளியே நின்று எங்களுக்காகக் கத்தினார்.

ஆட்டம் முடிந்ததும் நேரே மாஸ்டரிடம் போனார்.

"சார், இடிக்கிறது தப்புன்னா ரெண்டு பக்கமும் தப்புதானே?"

மாஸ்டர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார். பிறகு, "முதல் பாதியில நான் சரியா கவனிக்கல, காதர்," என்றார்.

அண்ணன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். மாஸ்டர் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

நானாக இருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன், சண்டை போட்டிருப்பேன். மாஸ்டர் தப்பை ஒத்துக்கொண்ட பிறகாவது கை கொடுத்திருப்பேனா? தெரியவில்லை.