ஒயர் சொருகாத கிதார்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அப்பா நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குவார். ஸ்பீக்கர் ஒயர் சொருகாமல் வாசித்தால் எலெக்ட்ரிக் கிதாரின் சத்தம் அவரை எழுப்பாது. அப்படி ஒன்று வாங்கத்தான் கும்மிடிப்பூண்டி பஜாரில் பழைய கிதார் விற்கும் கடைக்குப் போனேன். இருந்ததிலேயே விலை குறைந்த கறுப்புக் கிதாரை மடியில் வைத்து, அதன் மரத்தில் காதை ஒட்டவைத்துக்கொண்டு மீட்டினேன். எனக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது.

"ஒயரு இல்லாம இன்னாத்த கேக்குற பாப்பா? கிதாரு கொறட்டை வுடுதா?" என்றபடி கடைக்காரர் போனில் வீடியோ எடுத்தார். "ஸ்டேட்டஸ்ல போடுறேன், கொஞ்சம் சிரி."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கிதாரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். என் காசுக்கு வேறு எங்கும் கிடைக்காது. ஆனாலும் அங்கே இனிப் போக மாட்டேன்.

சீ, அந்தக் கடைக்காரர் மூஞ்சி. அவர் சிரிக்கச் சொன்னதும் நானும் சிரித்தேனே, அதுதான் இன்னும் குமட்டுகிறது.