ஏதென்ஸை நம்பியவனுக்கு

இன்று மதியம் பி.காம் பிள்ளைகளுக்குத் தேய்மானக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து ஒரே சிரிப்புச் சத்தம். உன் இடத்துக்கு வந்திருக்கும் புது வாத்தியார் கிரேக்க வரலாறு எடுக்கிறார். நடுவில் இருப்பது பெயருக்குத்தான் சுவர். அவர் சொல்வது முழுக்கக் கேட்டது. ஏதென்ஸ் மக்கள் ஒரு நாள் சந்தை மைதானத்தில் கூடுவார்கள். ஊருக்கு ஆகாதவன் என்று நினைக்கிற ஒருவன் பேரை ஆளுக்கொரு பானைச் சில்லில் கீறிப் போடுவார்கள். யார் பேர் அதிகம் விழுகிறதோ அவன் பத்து வருஷம் ஊரை விட்டுப் போக வேண்டும். அப்படி ஒரு நாளில் எழுதத் தெரியாத குடியானவன் ஒருவன், பக்கத்தில் நின்றவனிடம் சில்லை நீட்டி ஒரு பேரை எழுதச் சொன்னான். அது அந்த நின்றவனுடைய பேரேதான். அந்த ஆள் உனக்கு என்ன கெடுதல் செய்தான் என்று கேட்டதற்கு, ஒன்றும் செய்யவில்லை, நேர்மையானவன் நேர்மையானவன் என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது என்றானாம்.

நீ சொல்லும்போதும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் சிரிப்பார்கள். எனக்குச் சாக்பீஸ் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, சார் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

நாம் இருவரும் ஒரே வருஷம் சிதம்பரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் குமராட்சி நெல்லுக்காரன், நீ கடலூர் முதுநகரைத் தாண்டி உள்ள மீனவக் குப்பத்துக்காரன். உன் குப்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நீதான். கீழவீதி டீக்கடையில் உட்கார்ந்தால் ஏதென்ஸ்காரர்களைப் பற்றி ஏதோ சொந்தக்காரர்கள் மாதிரி பேசுவாய். “எங்க ஆளுங்க” என்றுதான் சொல்வாய். அங்கே பெண் எடுத்திருக்கிறாயா என்று நான் கிண்டல் செய்வேன். வகுப்பில் பெண் பிள்ளைகள், அந்த ஏதென்ஸ் சபையில் பெண்களுக்கு இடம் உண்டா என்று கேட்டால் மட்டும் உன் முகம் சுருங்கிவிடும். பெண்களுக்கும் இல்லை, அடிமைகளுக்கும் இல்லை என்று வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவாய்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் உங்கள் குப்பத்தில் செல்வராசு விவகாரம் வந்தது. நிவாரணத்தில் வந்த புதுப் படகுகளைப் பங்கு பிரித்ததில் தகராறு. அவன் ஊரைக் கேட்காமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். ஊர்த்தலைவர்களை நீங்கள் நாட்டார் என்பீர்கள். அந்த நாட்டார்கள் அவனைத் தள்ளி வைப்பதாக முடிவு செய்தார்கள். தள்ளி வைப்பது என்றால் என்னவென்று அதுவரை எனக்குத் தெரியாது. அவனோடு யாரும் பேசக் கூடாது, அவன் மீனை யாரும் ஏலம் எடுக்கக் கூடாது, அவன் வீட்டில் சாவு விழுந்தாலும் பாடை தூக்க ஆள் வராது. இந்தக் காலத்திலா என்று நான் அதிர்ந்துபோய்க் கேட்டேன். அவனுக்கு மூன்று சின்னப் பிள்ளைகள் வேறு.

நீ அன்று முழுக்க யோசித்தாய். பிறகு குப்பத்துக்குப் போய் நாட்டார்களிடம் பேசினாய். நாலு பேர் முடிவு செய்ய வேண்டாம், வீட்டுக்கொரு தலைக்கட்டாக எல்லோரும் ரகசியமாக எழுதிப் போடட்டும், பாதிக்கு மேல் ஒரே பேர் விழுந்தால் அந்த ஆள் பத்து வருஷம் வெளியே, இல்லாவிட்டால் யாரும் வெளியே இல்லை என்றாய். அவர்கள் உன் படிப்புக்கு மரியாதை கொடுத்து ஒத்துக்கொண்டார்கள். பெண்களும் எழுதட்டும் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு மட்டும் முடியவே முடியாது என்றுவிட்டார்கள். முதலில் இது நடக்கட்டும் என்று நீயும் விட்டுவிட்டாய்.

“யாரு பேர வேணாலும் எழுதலாம் மச்சான். செல்வராசு பேர மட்டும் நடுவுல வெச்சா அது வெறும் பழிதான். ரகசியமா எழுத சொன்னா ஜனங்க நல்லதுதான் எழுதுவாங்க, நீ வேணா பாரு” என்றாய்.

உன் பேரை எழுதிவிட்டால் என்ன செய்வாய் என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். நீ டீ புரையேறச் சிரித்தாய்.

எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க வெளியூர் ஆள் வேண்டும் என்று என்னை அழைத்துப் போனாய். கோயிலுக்கு முன்னால் மணலில் கூட்டம். முதுநகர் பானைக் கடையிலிருந்து சாக்கில் கட்டி எடுத்து வந்த சில்லுகளை நீயே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாய். ஏதென்ஸ்காரன் மாதிரியே ஆணியால் கீற வேண்டும் என்று பிடிவாதம் வேறு. உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் வந்த பெரியவர் குனிந்து என் காதில் உன் பேரைச் சொன்னார். யார் பேரைச் சொல்ல வேண்டும் என்று புரியாமல், சில்லு கொடுத்தவன் பேரைச் சொல்கிறாரோ என்று மறுபடி கேட்டேன். “வாத்தியார் பேருதான், எழுது” என்றார். காரணம் கேட்கக் கூடாது என்பது நீ போட்ட விதி. எழுதினேன். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். ஆணி வழுக்கியது. எழுந்து உன்னிடம் ஓடி வந்து நிறுத்தச் சொல்ல வேண்டும் போல இருந்தது. நீயோ அந்தப் பக்கம் யாரோ ஒரு கிழவருக்குச் சில்லை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொண்டிருந்தாய்.

உயிரோடு இருந்தவரை உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். ரகசியம் காப்பேன் என்று சத்தியம் வாங்கியவனே நீதான், அதனால் திட்டாதே. கடைசியாக வந்தவன் செல்வராசு. அவனும் உன் பேரைத்தான் சொன்னான். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. “யாராச்சும் போவணும் சார். எம்புள்ளைங்க சின்னதுங்க” என்றான்.

சில்லுகளை எண்ணி முடித்தபோது பாதிக்கு மேல் உன் பேர்தான். உன் தாய்மாமன்தான் கடைசியில் உன் பக்கம் பார்க்காமலே பேசினார். “நீ ஒரு கெடுதலும் பண்ணலடா. ஆனா நாங்க எதப் பேசுனாலும் அதுல ஒரு தப்பு சொல்ற. ஒன் முன்னாடி வாயத் தொறக்கவே கூச்சமா இருக்கு.” நீ மெதுவாக, “புஸ்தகத்துல இருக்கே மாமா” என்று மட்டும் சொன்னாய். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்று சாயங்காலமே நாட்டார்கள் உன் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கே சங்கடமாகப் போய்விட்டது. சபையில் விழுந்து கும்பிட்டுவிட்டு ஊரிலேயே இரு என்றார்கள். நீ கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு உன்னை அறைந்திருப்பேன். பஸ்ஸில் வரும்போது சண்டையே போட்டேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: “நான் இருந்துட்டா இந்த ஓட்டு செல்லாது. ஓட்டு செல்லலன்னா நாளைக்கு செல்வராசு வெளிய நிப்பான்.” அவன் என்ன எழுதச் சொன்னான் என்பது தொண்டை வரை வந்தது. முழுங்கிக்கொண்டேன்.

பத்து வருஷம் என்றால் பத்து வருஷம் என்று நீ குப்பத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஏதென்ஸில் வீடு நிலத்தைப் பிடுங்க மாட்டார்கள், அவமானமும் கிடையாது, தவணை முடிந்தால் ராஜா மாதிரி திரும்பி வரலாம் என்று பெருமை பேசுவாய். உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை மீன் கூடையோடு சிதம்பரம் வருவாள். “பெத்தவ நான். என்னை ஒரு வார்த்த கேட்டாங்களா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். நீ கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாய்.

தவணையில் பாதி முடிந்தபோது உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒரு வாரத்தில் போய்விட்டாய். நாட்டார்கள் வேன் எடுத்துக்கொண்டு வந்து உடம்பைக் கேட்டார்கள். அம்மா கொடுக்கவில்லை. அவன் கொடுத்த வாக்கை நான் மீற மாட்டேன் என்று ஒரே பிடி. சிதம்பரத்திலேயே எரித்தோம். கொள்ளிடத்தில் கரைக்கலாம் என்றேன். எம்புள்ள கடல்காரன், தவணை முடிஞ்சு நம்ம கடல்லதான் கரைக்கணும் என்றாள். உன் எலும்பும் சாம்பலும் இருக்கும் செம்பு இப்போது என் வீட்டுப் பின்புற வேப்பமரத்தில் தொங்குகிறது. என் மனைவி முதலில் பயந்தாள். இப்போது அடித்த புயலன்று அதை அவிழ்த்து வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தவள் அவள்தான்.

புயலில் குப்பத்தில் ஒரு படகு மிஞ்சவில்லை. போன ஞாயிறு நாட்டார்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். உன் மாமனும் வந்தார். செல்வராசு வாசலிலேயே நின்றுகொண்டான். வாத்தியாரை வெளியே அனுப்பியதுதான் கடலுக்குப் பொறுக்கவில்லை, அவர் எலும்பை ஊருக்குக் கொடுங்கள் என்றார்கள். வெளியூரில் செத்த பழைய வீரனின் எலும்பைத் தேடிப்பிடித்து, ஊருக்கு நல்லது நடக்கும் என்று ஏதென்ஸ்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த கதையை நீ டீக்கடையில் எனக்குச் சொல்லியிருக்கிறாய். இவர்களுக்கு யார் சொன்னது?

எனக்கு அதில் உரிமை இல்லை, அம்மாவைக் கேளுங்கள் என்றேன். அவள் அப்போது உள்ளே என் மனைவிக்கு மீன் ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

“எழுதிப் போட்டுத்தான அனுப்புனீங்க. எழுதிப் போட்டே கூப்புடுங்க. இந்தத் தடவ பொம்பளைங்களும் எழுதுவோம்.”

நாட்டார்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உன் மாமன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. அவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அம்மா காத்திருக்கவில்லை. அவர்கள் போன கையோடு என் பிள்ளையின் சிலேட்டை வாங்கி என் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அன்று படகுக்குப் பின்னால் உன் பேரை எத்தனை சில்லில் கீறினேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அந்தக் கையால் அவள் கையைப் பிடித்து முதல் எழுத்தைப் போட்டேன். அவள் விரலெல்லாம் மீன் முள் குத்திய தழும்பு. பல்பம் நிற்கவில்லை. அழித்து அழித்து எழுதினாள். கடைசி எழுத்து ஒருவழியாக வந்ததும் சிலேட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இந்தப் பேர வெச்சவளே நான்தாம்ப்பா” என்றாள். “எழுதத்தான் யாரும் சொல்லிக்குடுக்கல.”