மஞ்சள் தொப்பி அம்மா, கரைக்கு வாங்க

ஏப்ரல் 7, செவ்வாய்

பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். கடற்கரைக்குப் பிடித்தது சனி. காலையிலிருந்து காவல் மேடையில் உட்கார்ந்து மேதைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்றைய முதல் மேதை, உட்காரவே சரியாகத் தெரியாத குழந்தைக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி, அலை வந்து போகும் இடத்தில் தனியாக வைத்துவிட்டு, பின்னால் போய் நின்று படம் எடுத்தார். குழந்தை பாவம், ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருக்கிறது. ஓடி வந்து நிமிர்த்துவார், மறுபடி பின்னால் போவார். விசில் ஊதினேன். "ஒரே ஒரு போட்டோ சார்" என்றார். அதைக் கடலிடம் சொல்லிப் பார்க்கச் சொன்னேன்.

அப்புறம் ஒரு குடும்பம். ஒற்றைப் பிள்ளைக்கு மூன்று பை, ஒரு கூடாரம், காற்றடிக்கிற ரப்பர் வாத்து. பிள்ளை முகத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி க்ரீம். "வீட்டைக் காலி பண்ணிட்டு வந்துட்டாங்களா?" என்றான் நெட்டையன். அவனும் என்னைப் போல லைஃப் கார்டுதான். மேடையில் எனக்கு ஜோடி. வாத்துக்குக் காற்றடிக்க அப்பா, பெரியப்பா, மாமா மூன்று பேரும் முறை வைத்து ஊதினார்கள். அதற்குள் பிள்ளை தண்ணீரைப் பார்த்துத் தவழ்ந்து போயிற்று. நான்தான் தூக்கிவந்து கொடுத்தேன். "அட, நம்ம பிள்ளையா!" என்றார் பெரியப்பா. இல்லை, கடல் வழியாகக் கூரியரில் வந்தது.

ஏப்ரல் 8, புதன்

எனக்கு விடுமுறை நாள். சாப்பாட்டு மேசையில் மனைவியின் வழக்கமான வழக்கு.

"ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் பத்திரமா குளிக்க வச்சு அனுப்புறீங்க. நம்ம சுண்டுவுக்கு ஒன்றரை வயசு. பக்கெட்டைத் தவிர வேற தண்ணியைப் பாத்ததில்ல. லைஃப் கார்டு பிள்ளைன்னு வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"வெயில்" என்றேன். போன மாதம் "காத்து" என்றேன். அதற்கு முன்னால் "கூட்டம்". என் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். பலகையில் எழுத்து தெரியாமல் குத்துமதிப்பாக வாசிக்கிறவனை உடனே கண்டுபிடித்துவிடுவாள். என்னையும் அப்படித்தான் பார்த்தாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 9, வியாழன்

கைக்குழந்தையின் காலை அலையில் முக்கி முக்கி எடுத்துக்கொண்டே ஒருவர், "சின்ன வயசுலயே தைரியம் வரணும் சார்" என்றார். பிள்ளை வீறிட்டு அழுகிறது. அவர் நின்றது கணுக்கால் தண்ணீரில். மாவீரன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் தூக்கமும் வராது.

மத்தியானம் நல்ல கூட்டம். சிவப்புக் கொடிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் ஒருத்தி, குடை அளவு மஞ்சள் தொப்பி, கடலுக்கு முதுகைக் காட்டிக் குந்திக்கொண்டு குழந்தையோடு மணலைத் தோண்டிக்கொண்டிருந்தாள். விசில் ஊதினேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை ஊதினேன். தோண்டிக்கொண்டேயிருந்தாள். மைக்கை எடுத்தேன்.

"மஞ்சள் தொப்பி அம்மா, கரைக்கு வாங்க. இது உங்க வீட்டுக் கொல்லை இல்ல, கடல். புதையல் எடுக்கிறதா இருந்தா எடுங்க, பிள்ளையை மட்டும் எங்ககிட்ட குடுத்துட்டு எடுங்க."

கடற்கரையே சிரித்தது. நெட்டையன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் உள்ளுக்குள் ஒரு குளுகுளுப்பு. இல்லை என்று சொன்னால் பொய்.

தொப்பி நிமிர்ந்தது. என் மனைவி.

பக்கத்தில் சுண்டு. அப்பா குரல் எங்கிருந்து வருகிறது என்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது ஒரு அலை வந்தது. சின்ன அலைதான். வேறு யாராவதாக இருந்தால் நான் மேடையைவிட்டு இறங்கியிருக்கக்கூட மாட்டேன். ஆனால் குதித்தேன். ஓடினேன். வழியில் யாரையோ தள்ளிவிட்டேன். மனைவி கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு, வீடு தீப்பிடித்த மாதிரி சாலைவரை ஓடினேன். அலை வந்து அவள் செருப்பை நனைத்துவிட்டுப் போனது. அவ்வளவுதான் நடந்தது.

சுண்டு கத்தின கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. என் பிடியிலிருந்து நழுவப் பார்த்தாள், என் முகத்தைக் கையால் தள்ளினாள். மனைவி தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"சார், என் பிள்ளையைக் குடுங்க."

சார் என்றாள்.

ஏப்ரல் 13, திங்கள்

காலையில் மனைவி பேசியது இவ்வளவே: "கடைப்பக்கம் வந்துட்டுப் போங்க. பொண்டாட்டியை அடையாளம் தெரியற மாதிரி ஒரு கண்ணாடி போட்டுத் தரேன்."

தொப்பி புதிது. நான் என்னத்தைக் கண்டேன்?

ஏப்ரல் 16, வியாழன்

கதவு திறக்கிற சத்தம் கேட்டால் விழுந்தடித்து ஓடி வருகிற பிள்ளை. இப்போது அம்மா காலைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். நான் வாயைத் திறந்தாலே உதடு பிதுங்குகிறது. குரலைத் தாழ்த்திக் கொஞ்சிப் பார்த்தேன். "ஏன், மைக்கை வீட்டுக்கு எடுத்துட்டு வரலையா?" என்றாள் மனைவி.

இன்று குளிக்கவைக்கப் பக்கெட்டைத் தூக்கினேன். தண்ணீர் சளக்கென்றதும் ஒரே அலறல். பக்கெட்டும் போச்சு.

பெத்த பிள்ளை என்னைப் பாத்து ஒளியுது. நான் என்ன பூச்சாண்டியா? — ஆமா, பூச்சாண்டிதான். வானத்துலேருந்து கத்தி, ஓடி வந்து, அம்மாகிட்டேருந்து பிடுங்கிட்டுப் போறவனுக்கு வேற என்ன பேரு? ஊருக்கே புத்தி சொல்ற வாய். சொந்தப் பிள்ளையைக் கூப்பிட லாயக்கு இல்லாத வாய்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மனைவியிடம் சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

ஜனவரியில் ஒரு பிள்ளையைத் தண்ணீரிலிருந்து எடுத்தேன். பிழைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் பிஸ்கட் கேட்டு அழுததாம். எல்லோரும் கை கொடுத்தார்கள், மேற்பார்வையாளர் டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து தூங்குகிற சுண்டுவைத் தூக்கினேன். அதே கனம். தலை அதே மாதிரி என் தோளில் துவண்டது. அன்றிலிருந்து இவளைத் தூக்கும்போதெல்லாம், மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. வெயிலுமில்லை, காற்றுமில்லை. பயம்.

மனைவி குழாயை மூடினாள்.

"இதை ஜனவரியிலேயே சொல்லியிருக்கலாம்ல? சொல்லாம விசில் ஊதினா எனக்கு எப்படிப் புரியும்?"

கையைத் துடைத்துக்கொண்டு, "உங்க பயத்தை அவளுக்கும் ஊட்டிவிட்டுட்டீங்க. நீங்கதான் எடுக்கணும்" என்றாள்.

ஏப்ரல் 22, புதன்

மூன்று பேருமாகப் போனோம். மனைவி மத்தியானம்வரை விடுப்பு சொல்லியிருந்தாள். என் தோளில் ஒரு பை: துண்டு, மாற்றுத் துணி, இன்னொரு மாற்றுத் துணி, தண்ணீர், க்ரீம், குடை, முதலுதவிப் பெட்டி. மேடையிலிருந்து நெட்டையன் கும்பிட்டான். "அண்ணே, வாத்தை மறந்துட்டீங்களே!" சிரிக்கட்டும், அவனுக்கும் ஒரு நாள் பிள்ளை பிறக்கும்.

தண்ணீர் பக்கமே போகவில்லை. சாலையை ஒட்டி மணலில் உட்கார்ந்தோம். சுண்டு அம்மா மடியைவிட்டு இறங்கவில்லை. கடல் ஒருபுறம், நான் ஒருபுறம், இரண்டையும் பார்க்காமல் இருக்கப் பிள்ளை படாத பாடு பட்டது. ஒரு பிடி மணலைத் தின்றாள். மனைவி எடுத்துத் துப்ப வைத்தாள். நான் வாயே திறக்கவில்லை. வேலையில் சேர்ந்ததிலிருந்து கடற்கரையில் நான் இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை.

ஏப்ரல் 29, புதன்

கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்தோம். ஈர மணலில் நான் குழி தோண்டினேன். குழிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மடியைவிட்டு இறங்கினாள். ஒன்றும் இல்லை. இன்னும் ஆழமாகத் தோண்டச் சொல்லிக் குழியைக் காட்டினாள். தோண்டினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. ஒரு தடவை தடுமாறினபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்; யார் சட்டை என்று தெரிந்ததும் விட்டுவிட்டாள்.

மே 6, புதன்

மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "ரெண்டு பேருமா போயிட்டு வாங்க" என்று வாசலில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். தெருமுனைவரை சுண்டு அழுகை. அப்புறம் விசும்பல். மணலைப் பார்த்ததும் அதுவும் நின்றது.

அலை வந்து தொடுகிற கோட்டுக்கு மேலே உட்கார்ந்தோம். நேரம் போனதே தெரியவில்லை. பிடிப்பிடியாக மணலை அள்ளி என் சட்டைப் பையில் போட்டாள். பை நிறைந்ததும் காலருக்குள் போட்டாள். நான் அசையாமல் இருந்தேன்.

மேடையிலிருந்து விசில். நீளமாக, விடாமல். நீரோட்டம் உள்ளே இழுக்கிற பக்கம் ஒரு கை மேலே தெரிந்தது, தலை தெரியவில்லை.

நான் யோசிக்கவே இல்லை. கால் ஓடிவிட்டது. முழங்கால் தண்ணீரில் இருக்கும்போது நெட்டையனும் இன்னொருவனும் மிதவையோடு என்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். அப்போதுதான் — ஐயோ. விட்டுட்டு வந்துட்டேனே. பிள்ளையைக் கரையில தனியா விட்டுட்டு வந்துட்டேனே.

திரும்பினேன். சுண்டு மேலே இல்லை. எனக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். தண்ணீர் அவள் இடுப்பில். அழவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "அப்பா, அப்பா" என்று சிரித்துக்கொண்டே, என்னைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தாள். என் முதுகுக்குப் பின்னால் அடுத்த அலை எழும்புகிற சத்தம் கேட்டது.

அந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாய்ந்து இவளை அள்ளித் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டேன். அலை என் முதுகில் அறைந்து போயிற்று. உப்புத் தண்ணீர் வாயில் பட்டு முகத்தைச் சுளித்தாள். அப்புறம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தண்ணீரைவிட்டு ஏறி, சாலைக்குப் போகாமல், அங்கேயே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஆளைக் கொண்டுவந்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டான். வாந்தி எடுத்து முடித்ததும், தனக்கு நன்றாக நீச்சல் தெரியும் என்று நெட்டையனிடம் சண்டை போட்டானாம். போடட்டும்.

சாயங்காலம் மனைவியிடம் ஒன்றைக்கூட மறைக்காமல் சொன்னேன். விட்டுவிட்டு ஓடினதையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். சுண்டுவை இழுத்து மடியில் வைத்து, தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தாள்.

"அந்த ஆளை யாரு தூக்குனது?"

"நெட்டையன்."

"நீங்க?"

"நான் இவளைத் தூக்கினேன்."

என் உப்புப் பூத்த சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கி, பையிலிருந்த மணலை வாசலில் கொட்டிவிட்டு வந்தாள்.