பிற்சேர்க்கை என்று எழுதிய அறை

முருகன் துணை

திருப்பூர்,
14.6.2025

மாமாவுக்கு தெய்வாத்தாள் எழுதுவது.

நேற்று காலை நம் கட்டடத்தில் இருந்தவர்கள்: மாநகரப் பாரம்பரியக் குழுவின் தலைவரான ஓய்வுபெற்ற இன்ஜினியர் பூபாலன், குழுவில் கட்டடக்கலை படித்த சித்ராதேவி என்ற பெண், நகரமைப்புப் பிரிவிலிருந்து ஒருவர், பேர் சொல்லவில்லை, போட்டோ எடுக்கிறவர், கீழ்க்கூடத்தில் வாடகைக்குப் பனியன் துணி கட்டிங் நடத்துகிற மூக்கையா, எதிர்க் கட்டடத்து நஞ்சப்பன் அண்ணன், இவரை யாரும் கூப்பிடவில்லை, அப்புறம் நான். நீங்கள் இல்லை.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சொல்லுங்கள், பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். போனில் கூப்பிட்டால் இரண்டு பேரும் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறோம். எழுதினால் சொல்ல வேண்டியதாவது வந்து சேரும் என்று எழுதுகிறேன். இந்த மாத வரவு செலவு வழக்கம்போலத் தனித்தாளில் இருக்கிறது.

குழுவுக்கு மனு கொடுத்தது நான்தான். நீங்கள் உடுமலைத் தோப்பில் இருந்தபடியே இந்தக் கட்டடத்துக்கு ஆள் பார்த்துவிட்டீர்கள் என்றும், வாங்குகிறவர் இடித்துத் தள்ளிக் கன்டெய்னர் லாரி நிறுத்தப் போகிறார் என்றும் மூக்கையா சொன்னார். அந்த வாரமே பேப்பரில் போட்டிருந்தார்கள், பழைய கட்டடங்களைப் பட்டியலில் சேர்க்கிறோம், யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம் என்று. பட்டியலில் ஏறினால் இடிக்க முடியாது. இடிக்க முடியாவிட்டால் மொட்டை மாடியில் நம் பையன் தரணி கட்டிய அறை இருக்கும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். உங்கள் தாத்தாவின் பனியன் கம்பெனி பெருமையைக் காப்பாற்றுகிறேன் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

வந்தவர்கள் முகப்பில் சுண்ணாம்பில் செய்திருக்கிற 1941ஐப் படம் எடுத்தார்கள். கூடத்துத் தேக்கு உத்தரங்களை டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இரும்புச் சுழல் படிக்குப் பக்கத்தில் வந்ததும் பூபாலன் செருப்பைக் கழற்றிவிட்டார். "இந்த மாதிரிப் படி இந்த ஜில்லாவிலயே இன்னொண்ணு இருக்குமான்னு தெரியலைங்க" என்று கம்பியைத் தடவிக்கொண்டே நின்றார்.

நஞ்சப்பன் அண்ணன் சும்மா இருப்பாரா? "ஏனுங் அம்மிணி, கட்டடத்துக்கு மெடல் கிடல் குத்தறாங்களா? எங்கூட்டுக் குளியலறையுங்கூட எங்கய்யன் காலத்துதானுங், அதையும் ஒருக்கா பாத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மேலே ஏறி வந்தது சித்ராதேவி மட்டும். தரணியின் அறையைத் திறந்து காட்டினேன். பனியனில் படம் அடிக்கிற பிரிண்டிங் டேபிள், பிரேம்கள், சேம்பிள் அடித்துப் பார்த்த கலர் எல்லாம் சுவரில் அப்படியே இருக்கிறது. நான் தினமும் விளக்கு வைத்துவிட்டு வருவதால் தூசி இல்லை.

"இது எப்பங்கம்மா கட்டினது?"

"பத்தொம்பதுல. பையன் கட்டினானுங்க."

"தம்பி எங்கங்க?"

"இல்லீங்க."

வெளியே போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள் போல. "சரிங்க, அவர்கிட்ட அப்புறம் பேசிக்கறேன்" என்று அளந்துகொண்டிருந்தாள். டெங்குவில் போய் இரண்டு வருஷமாகப் போகிறது என்று சொல்ல வாய் எழவில்லை. அளந்து முடிக்கட்டும் என்று நின்றேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

தெய்வாத்தாள்

---

உடுமலைப்பேட்டை,
25.6.2025

தெய்வாவுக்கு,

கடிதம் வந்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. தைலம் இருக்கிறது.

இரண்டு பேர் பெயரிலும் உள்ள சொத்துக்கு என்னைக் கேட்காமல் மனு கொடுத்திருக்கிறாய். வாங்க இருந்தவர் குழுவின் நோட்டீஸைப் பார்த்துவிட்டு வேறு இடம் பார்க்கப் போய்விட்டார். உன்மேல் கோபம் என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். கோபமும் பெரிதாக இல்லை.

பணத்துக்காக விற்கிறேன் என்று நீயும் நினைத்துவிட்டாய். எனக்கு அந்தக் கட்டடத்துக்குள் மூச்சு முட்டுகிறது. அது இல்லை என்றால் நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்றுதான் ஆள் பார்த்தேன். காரணம் அவ்வளவுதான்.

நீ இங்கே வந்தால் என்ன? வீடு சின்னதுதான். காற்றாலைச் சத்தம் விடாமல் கேட்கும், இரண்டு நாளில் பழகிவிடும். விளக்கு வைப்பதை இங்கேயும் வைக்கலாம். வரமாட்டாய் என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

கந்தப்பன்

---

முருகன் துணை

திருப்பூர்,
10.8.2025

மாமாவுக்கு தெய்வாத்தாள் எழுதுவது.

தேங்காய் மூட்டை வந்து சேர்ந்தது. இத்தனை எதற்கு? ஒரு ஆள் சமையலுக்கு எத்தனை ஆகும்? கோயிலுக்குப் பாதி கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாநகராட்சி ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். ஆட்சேபம் இருந்தால் சொல்ல வேண்டிய நாள். நம்மைப் போல நாலு கட்டடத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன், நம் கட்டடம் ஏறிவிடும் என்று முந்தின நாளே தகவல் வந்திருந்தது.

பூபாலன் தீர்மானத்தை வாசித்தார். முகப்பு, தேக்கு உத்தரக் கூடம், இரும்புச் சுழல் படி மூன்றும் காக்கப்பட வேண்டியவை, இரண்டாம் தரப் பட்டியல். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வரியில், 'மேல்தளத்தில் உள்ள ஹாலோபிளாக் அறை பிற்சேர்க்கை. அதன் பாரத்தால் பழைய பின்சுவர் விரிகிறது. மூன்று மாதத்துக்குள் அகற்றி மூல அமைப்பை மீட்க வேண்டும்' என்றார்.

நான் எழுந்து நின்றேன். "பிற்சேர்க்கைன்னா என்னங்க?"

"பின்னால சேத்தினதுங்கம்மா. முதல்ல இல்லாதது."

"முதல்ல எதுவுமே இருந்திருக்காதுங்களே? வெறுங்காடு தானுங்களே?"

பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். சித்ராதேவி எழுந்து வந்து மெதுவாகச் சொன்னாள், "அம்மா, பாரம்பரியம்ன்னு எடுத்துக்கறதுக்கு ஐம்பது வருசமாவது ஆகியிருக்கணுங்க. இதுக்கு ஆறு வருசந்தானுங்க ஆச்சு."

"அப்ப ஐம்பது வருசம் விட்டு வெச்சாத்தானுங்களே ஐம்பது வருசம் ஆகும்?"

கூடமே சிரித்துவிட்டது. சிரிக்க வைக்கச் சொன்னதில்லை, நிஜமாகவே கேட்டேன். பூபாலன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மிணி கேக்கறது நாயந்தானுங்க. ஆனா சொவரு கேக்காதுங்களே" என்றார்.

சுவர் விஷயம் நிஜம்தான். போன தடவையே பின்சுவர் வெடிப்பின் குறுக்கே மெல்லிசாக ஒரு கண்ணாடிச் சில்லு ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சுவர் அசைந்தால் சில்லு உடையுமாம். ஆடி முடியும் முன்னே உடைந்துவிட்டது. காலையில் வாசல் தெளிக்கும்போது நான்தான் முதலில் பார்த்தேன். அவர்களிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

அவர்களுடைய வரைபடத்தையும் காட்டினார்கள். இருக்கப் போகிறதெல்லாம் கெட்டிக் கோடு. தரணி அறை மட்டும் புள்ளிக் கோடு. ஜன்னல், கதவு, டேபிள் போட்டிருந்த இடம் எல்லாம் சித்ராதேவி சரியாகப் போட்டிருக்கிறாள், புள்ளி புள்ளியாக. அவன் இல்லை என்பது இப்போது அவளுக்குத் தெரியும். மூக்கையா சொல்லியிருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை, அவளுக்கு அதுவே சங்கடமாகிவிட்டது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மூக்கையா, "யக்கா, நீங்க மனுவே கொடுத்திருக்கப்படாது. மத்ததைப் பூராம் காப்பாத்திட்டாக. ஒங்களுக்கு எது வேணுமோ அதை மட்டும் எடுக்கச் சொல்லுறாக. இப்படி ஒரு கூத்தை எங்க சாத்தூர்ப் பக்கம்கூட நான் பார்த்ததில்லை" என்றார். நல்ல மனுஷன்தான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. ஒரு வழி இருக்கிறது என்று சித்ராதேவி தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். தரையிலிருந்து இரும்புத் தூண் கொடுத்து அறையின் பாரம் சுவர்மேல் விழாமல் தாங்க முடியுமா என்று மறுபடி பார்க்கச் சொல்லலாம். அதற்கு உரிமையாளர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டு ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நான் போட்டுவிட்டேன். உங்கள் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். ஆவணி இருபதுக்குள் காகிதம் இங்கே திரும்பி வந்தால் போதும்.

வேறொன்றும் கேட்கவில்லை மாமா.

தெய்வாத்தாள்

---

உடுமலைப்பேட்டை,
14.9.2025

தெய்வாவுக்கு,

காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. தேதி முடியட்டும் என்றுதான் காத்திருந்தேன். அதை மறைக்கவில்லை.

ஏன் என்று எழுத நாலைந்து தரம் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு ஆம்புலன்ஸ்காரர்கள் அந்தச் சுழல் படியில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். நீ கேட்டைத் திறக்க முன்னால் ஓடினாய். நான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். உடம்பு கொதித்தது. இருபத்தாறு வயசுப் பையன், ஆனால் பாரமே தெரியவில்லை. பாதிப் படியில் என் காதுக்குப் பக்கத்தில், "அப்பா, மெதுவா. தடுக்கிடாதீங்க" என்றான். அவ்வளவுதான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது அவனுக்கு நினைவு இல்லை. என்னிடம் அதற்குப் பிறகு பேசவில்லை.

நீ அறை என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிதான் தெரிகிறது. நீ விளக்கை எடுத்துக்கொண்டு சாயங்காலம் ஏறுவாய், இரும்புச் சத்தம் கேட்கும். எனக்குப் போதும் என்று ஆகிவிடும். அதனால்தான் இங்கே வந்தேன். உன்னிடம் சொன்னால் நீ ஏறுவதை விட்டுவிடுவாயோ என்று சொல்லவில்லை.

இப்போது அந்தப் படியைத்தான் காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள். அதைத் தொட முடியாது. அறையாவது போகட்டும். மேலே ஒன்றும் இல்லை என்றால் யாரும் ஏற வேண்டியதில்லை. பிரித்து முடித்ததும் எழுது. நான் வந்துவிடுகிறேன்.

கந்தப்பன்

---

முருகன் துணை

திருப்பூர்,
2.11.2025

மாமாவுக்கு தெய்வாத்தாள் எழுதுவது.

அறையைப் பிரித்து முடித்துவிட்டார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி வந்ததும் ஆரம்பித்தார்கள். குழுவிலிருந்து சித்ராதேவி தினமும் வந்தாள். பிரித்தவர்கள் எல்லாம் பீகார்ப் பையன்கள், கல்லைக் கயிற்றில் கட்டி ஒவ்வொன்றாக இறக்கினார்கள், பழைய சுவரில் பட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு பதனமாக.

முதலில் தகரம். அப்புறம் ஜன்னல். பிரிண்டிங் டேபிளை மூக்கையா கேட்டார், கொடுத்துவிட்டேன், கட்டிங் போடுகிறார். பிரேம்களை என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். சுவரை உடைக்கும் முன் சித்ராதேவி, "கலர் இருக்கற பூச்சை ஒரு துண்டு பெயர்த்துத் தரட்டுங்களாம்மா?" என்று கேட்டாள். "வேண்டாங்க கண்ணு, வெச்சு என்ன பண்றது?" என்றேன். அவள் போன பிறகு வாங்கி வைத்திருக்கலாமோ என்று தோன்றியது. மறுநாள் லாரி வந்து இடித்ததையெல்லாம் கொட்டக் கொண்டு போய்விட்டது.

அறைக்கு அடியில் தளத்தில் பதித்த பழைய தட்டு ஓடு ஒன்றுகூட உடையாமல் இருந்ததாம். பூபாலன் வந்து பார்த்துவிட்டு எனக்குக் கை கூப்பினார். வாசலில் ஒரு பலகை வைக்கிறார்கள். திறப்பதற்கு உரிமையாளர்கள் இருவரும் வேண்டுமாம். நீங்கள் வருவது பற்றி நான் வாக்குக் கொடுக்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். கோபம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அவன் உங்களிடம் சொன்னது எனக்கு இதுவரை தெரியாது. என்னிடம் அவன் கடைசியாகச் சொன்னது, "அம்மா, மேல லைட்டை அணைச்சிருங்க" என்பது. கேட்டைத் திறக்க ஓடின நான் அணைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு வருஷமாக நீங்கள் ஒன்று வைத்திருந்தீர்கள், நான் ஒன்று வைத்திருந்தேன். நீங்கள் அங்கே போகும்வரை ஒரே வீட்டில் சோறு தின்றுகொண்டு.

நேற்று நஞ்சப்பன் அண்ணன் மாடியைப் பார்க்க ஏறி வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "இப்பத்தானுங் அம்மிணி நல்லாக் காத்து வருது" என்றார். தப்பாகச் சொல்லவில்லை, காற்று வரத்தான் செய்கிறது. நான் கீழே இறங்கி வந்து அரிசி களைந்தேன். நீங்கள் வந்தால் நல்லாக் காற்று வருகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மேலே ஒன்றும் இல்லை என்றால் யாரும் ஏற வேண்டியதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் இன்னும் ஏறுகிறேன். விளக்கு எடுத்துக்கொண்டு போவதில்லை, காற்றுக்கு நிற்காது. வெறுமனே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன். காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நிறுத்துவேன் என்றும் தோன்றவில்லை. படியில் சத்தம் கேட்கும்.

அது கேட்கும் என்று தெரிந்தும் வருவதானால் வாருங்கள். வர முடியாது என்றால் அதையும் எழுதுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். எதுவானாலும் சீக்கிரம் பதில் போடுங்கள்.

தெய்வாத்தாள்